மரக்காணத்தில் ஒரு வெள்ளைத் திட்டு!

நான் பி.காம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வீட்டில் ஃபியூஸ் போனால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த அதிகபட்ச விஞ்ஞானம். அப்பேர்ப்பட்ட ஆசாமி, விண்வெளியிலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து ஒரு மாபெரும் பிளாஸ்டிக் குவியலைக் 'கண்டுபிடித்து', அதைத் தேடி பஸ் ஏறிப் போய், முழங்கால் வரை சேறு பூசிக்கொண்டு திரும்பி வந்த கதை இது. திரும்பும்போது கூடவே ஒரு சாக்கு மூட்டையும் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஆரம்பித்து வைத்தவன் என் நண்பன். மேப் தயாரிக்கிற கம்பெனி ஒன்றில் வேலை. நாள் பூராவும் சாட்டிலைட் படங்களைப் பார்த்து, இது ரோடு, இது ஏரி, இது ஏரியாக இருந்து ஃபிளாட் ஆனது என்று கோடு போடுவதற்குச் சம்பளம் வாங்குகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, "ஆத்துல, கடல்ல மிதக்கிற பிளாஸ்டிக்கை எல்லாம் இப்ப மேலேர்ந்தே பார்க்கறாங்க, தெரியுமா?" என்றான்.

"மேலேன்னா?"

"786 கிலோமீட்டர்."

நான் மூன்றாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாலே கீழே நிற்பதில் என் பைக் எது என்று அடையாளம் தெரியாது. "கதை விடாதே" என்றேன்.

அவன் விடவில்லை. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சாட்டிலைட்டாம். பெயர் சென்டினல்-2. முதல் சாட்டிலைட் 2015 ஜூனிலும், ஜோடி 2017 மார்ச்சிலும் மேலே போயின. உலகத்தின் நிலப்பரப்பையும் கரையோரத்தையும் ஐந்து நாளைக்கு ஒரு தடவை படம் எடுத்துவிடும். நம் தலைக்கு மேல் வருவது காலை சுமார் பத்தரைக்கு. (நம்மில் பலர் ஆபீஸில் தலையைக் காட்டுகிற அதே நேரம். ஆனால் அது பர்மிஷன் எழுதிக் கொடுப்பதில்லை.) எடுத்த படத்தையெல்லாம் யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் பார்க்கலாம். இலவசம்.

கடைசி வார்த்தைதான் என்னைக் கவிழ்த்தது. அன்று ராத்திரியே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் அடையாறு முகத்துவாரம். ஒன்றும் தெரியவில்லை. கூவம். கறுப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான். (நேரில் பார்த்தாலும் அப்படித்தான்.) பிறகு பக்கிங்காம் கால்வாயைப் பிடித்துக்கொண்டு தெற்கே நகர ஆரம்பித்தேன். நம்மில் பலருக்கு இந்தக் கால்வாய் பறக்கும் ரயிலுக்குக் கீழே இருக்கிற சாக்கடை. ஆனால் ஆந்திராவின் பெத்தகஞ்சாமில் கிளம்பி, ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டாவின் மேற்கு ஓரமாகப் பழவேற்காடு ஏரிக்குள் நுழைந்து, சென்னையின் நடுவயிற்றைக் கிழித்துக்கொண்டு, சுமார் 420 கிலோமீட்டர் போகிற சங்கதி அது. 1806-ல் வெட்ட ஆரம்பித்தது. கூவத்தையும் அடையாறையும் இணைக்கிற துண்டு, 1877-78 பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாத ஜனங்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தோண்டியது. கவர்னர் பக்கிங்காம் பெயர் ஒட்டிக்கொண்டது அப்போதுதான். வழியில் கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, பாலாறு எல்லாவற்றுக்கும் ஹலோ சொல்லிவிட்டுப் போகும். விறகும் உப்பும் படகில் ஏறி மதராஸுக்கு வந்த வழி. போய் முடிகிற இடம்?

மரக்காணம்.

கர்சர் அங்கே போய் நின்றபோது ராத்திரி ஒன்றரை மணி. கால்வாய் முடிகிற இடத்தில், கழுவெளி ஏரியும் எடையன்திட்டு கழிமுகமும் சேர்கிற பக்கத்தில், தண்ணீருக்கு நடுவே பளீரென்று வெள்ளைத் திட்டுகள். ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில்! எனக்கு உடம்பு சிலிர்த்தது. 420 கிலோமீட்டர் கால்வாய் இழுத்துக்கொண்டு வந்த பிளாஸ்டிக் முழுக்க இங்கேதான் தேங்கியிருக்கிறது! நண்பனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அவனுக்குக் கல்யாணமாகிவிட்டது.

மறுநாள் காலை லீவ் சொல்ல எனக்கு ஆபீஸ் இல்லை. எழுதிப் பிழைக்கிறவனுக்கு உள்ள ஒரே சௌகரியம் அது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். மூன்று மணி நேரம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, வரப்போகும் கட்டுரைக்குத் தலைப்பு மட்டும் ஏழெட்டு யோசித்தேன்.

ஏப்ரல் வெயில். மரக்காணத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் கொஞ்ச தூரம், அப்புறம் வரப்பில் நடை. கண்ணுக்கு எட்டிய வரை கட்டம் கட்டமாகப் பாத்திகள். செருப்பு சேற்றில் போய், அதை எடுக்கக் குனிந்தபோது மூக்குக் கண்ணாடி விழுந்து, அதை எடுக்கும்போது நானே கொஞ்சம் விழுந்து, ஒரு வழியாகப் படத்தில் பார்த்த இடத்துக்கு வந்துவிட்டேன். ஐந்தாறு பெண்கள் பலகையால் எதையோ இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு, காலில் கிழிந்த சாக்ஸ். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் ஓர் அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா சார், அளக்க வந்திருக்கீங்களா?"

"இல்லீங்க்கா. இங்கே ஏதோ பெரிய பிளாஸ்டிக் குவியல் இருக்கறதா..."

"எங்க?"

போனில் படத்தைக் காட்டினேன். அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மற்றவர்களையும் கூப்பிட்டார். எல்லாரும் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். ஒருத்தர் என் போனைத் திருப்பிக்கூடப் பார்த்தார். பிறகு அக்கா சொன்னார்:

"இது நம்ம பாத்தி சார். உப்பு. நீங்க நிக்கறதே அதுலதான்."

குனிந்து பார்த்தேன். நின்றுகொண்டிருந்தேன். அங்கே எழுந்த சிரிப்பு எடையன்திட்டு வரைக்கும் கேட்டிருக்கும்.

இந்த மாதிரி அசடு வழிவதற்கு விஞ்ஞானிகள் கௌரவமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 'கிரவுண்ட் ட்ரூத்'. மேலிருந்து பார்த்ததைக் கீழே போய்ச் சரிபார்ப்பது. நம் ஆடிட்டர்கள் ஸ்டாக் வெரிஃபிகேஷன் என்பார்களே, அதேதான். கிரேக்க நாட்டில் கான்ஸ்டான்டினோஸ் டொபூஸெலிஸ் என்ற பேராசிரியர் இதையே தலைகீழாகச் செய்தார். 2018-ல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சட்டங்களில் பாட்டில், பை, மீன்வலை இவற்றைத் தனித்தனியாகக் கட்டி, லெஸ்போஸ் தீவுக்கருகே கடலில் மிதக்கவிட்டார். சாட்டிலைட் வருகிற நேரத்துக்குத் தயாராக வைத்து, படத்தில் எப்படித் தெரிகிறது என்று பார்த்தார். உலகத்திலேயே குப்பையைக் கடலில் போட்டு, பத்திரமாகத் திரும்ப எடுத்துக்கொண்டு, பாராட்டும் வாங்கியவர்கள் அவர்களாகத்தான் இருக்கும்.

அதென்ன பத்து மீட்டர் கணக்கு? வரப்பில் நின்றபடியே நண்பனுக்குப் போன் போட்டேன். இப்போது எடுத்தான். முதலில் இரண்டு நிமிடம் சிரித்தான். அப்புறம் பாடம் எடுத்தான்.

சாட்டிலைட் படம் புள்ளி புள்ளியாக ஆனது. சென்டினல்-2 படத்தில் மிகச் சிறிய புள்ளியே தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். சதுர அடியில் சொன்னால் 1,076. அதாவது நாமெல்லாம் இருபது வருஷத் தவணையில் வாங்குகிற டூ பெட்ரூம் ஃபிளாட் ஒன்று, ஒரே புள்ளி! அதற்குள்ளே ஹால், கிச்சன், மாமியார் எதுவும் தனியாகத் தெரியாது. எல்லாம் கலந்து ஒரே கலராகத்தான் விழும். அதில் கால் பங்காவது பிளாஸ்டிக் இருந்தால்தான் தண்ணீரின் கலர் கொஞ்சம் மாறும். ஒரு லிட்டர் பாட்டில் படுத்துக்கொண்டு மிதந்தால் எவ்வளவு இடம் அடைக்கும் என்று அளந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன் (இதெல்லாம் நமக்குக் கைவந்த கலை). ஆயிரத்துச் சொச்சம் பாட்டில்கள் ஒட்டி உறவாடி ஒரே இடத்தில் மிதந்தால்தான், சாட்டிலைட் ஒரே ஒரு தடவை புருவத்தைத் தூக்கும்.

பக்கிங்காம் கால்வாயோ சென்னைக்குள் பறக்கும் ரயில் தூண்களுக்கு இடம் விட்டு, சில இடங்களில் பத்து மீட்டர் அளவுக்குக் குறுகிப் போனது. ஒரு புள்ளிக்குள் மொத்தக் கால்வாயும் கரையும் குடிசையும் சேர்ந்து விழும்போது அதில் பிளாஸ்டிக்கை எங்கே தேடுவது?

"அப்ப எப்படிடா கண்டுபிடிக்கிறாங்க?"

"கண்ணால பார்க்கிறதில்லடா. எஃப்.டி.ஐ. வெச்சு."

எஃப்.டி.ஐ. என்றதும் சேற்றிலேயே நிமிர்ந்து நின்றேன். பி.காம். ஆயிற்றே! அன்னிய நேரடி முதலீடு!

அதில்லையாம். ஃப்ளோட்டிங் டெப்ரி இண்டெக்ஸ். மிதக்கும் குப்பைக் குறியீடு. இங்கிலாந்தில் பிளிமத் கடல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த லாரன் பியர்மன் குழுவினர் 2020-ல் வெளியிட்ட முறை. விஷயம் இதுதான். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் குடித்துவிடும். அதனால் அந்த ஒளியில் எடுத்த படத்தில் தண்ணீர் கன்னங்கரேல் என்றிருக்கும். மேலே எது மிதந்தாலும் பளிச்சென்று தெரியும். ஆனால் இலையும் பளிச், நுரையும் பளிச், பிளாஸ்டிக்கும் பளிச். எது எது என்று எப்படிப் பிரிப்பது? பக்கத்திலிருக்கும் இரண்டு ஒளிகளின் அளவை வைத்து, நடுவிலிருக்கும் அகச்சிவப்பு இவ்வளவு இருக்கவேண்டும் என்று ஒரு எஸ்டிமேட் போடுகிறார்கள். ஆக்சுவல் அதைவிட எவ்வளவு எகிறியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். பட்ஜெட் வேரியன்ஸ், சார்! இதற்குப் போய் விண்வெளி, அறிவியல் என்று பயமுறுத்துகிறார்கள். எகிறிய அளவையும் செடியின் பச்சையையும் சேர்த்துப் பார்த்தால், செடி ஒரு பக்கம், கட்டை ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். கானா, வியட்நாம், கனடா, ஸ்காட்லாந்து கரையோரங்களில் சோதித்ததில் நூற்றுக்கு 86 சரியாக இருந்தது. நான் பி.காம். முடித்த பர்சென்டேஜை இங்கே சொல்லப் போவதில்லை.

இதற்கு அடுத்து ஸ்பெயின்காரர்கள் தலைமையில் ஒரு குழு மத்தியதரைக் கடல் முழுவதையும் சலித்தது. 2015 முதல் 2021 வரை எடுத்த மூன்று லட்சம் படங்களைக் கம்ப்யூட்டருக்குப் போட்டு, குப்பை நீளநீளமாகக் கோடு கட்டி மிதந்த 14,374 இடங்களைப் பிடித்தார்கள். 2024-ல் வெளியானது. ஆகவே முடியும். ஆனால் கடலில், குப்பை ஒன்று கூடியபோது. ஆற்றில் ஒற்றை ஒற்றையாய்ப் போகிற ஷாம்பூ பாக்கெட்டை அல்ல.

நான் போனை வைத்தபோது அக்காவுக்குக் கை ஓய்வு. குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். ஏமாந்து வந்த முகத்தைப் பார்த்துப் பாவமாயிருந்ததோ என்னவோ, "பிளாஸ்டிக்கு இருக்குது சார். குவியலாத்தான் இல்ல" என்றார். கூட்டி வைத்த உப்பில் கையை விட்டு அளைந்து, உள்ளங்கையை நீட்டினார்.

பச்சை நூல், நீல நூல். மீன்வலைக் கயிற்றிலிருந்தும் சாக்குப் பையிலிருந்தும் பிரிந்தவை. பாக்கெட் மூலை ஒன்று, 'க்' என்ற எழுத்தோடு. நாலைந்து தெர்மாகோல் மணிகள்.

"வாரும்போதே பொறுக்கிடுவோம். நீலம், பச்சைன்னா சுளுவா ஆப்புடும். இந்த வெள்ளைதான் சார் ஏமாத்திடும். வெயில்ல உப்பும் வெள்ளை, இதுவும் வெள்ளை. கண்ணு கூசும்."

எனக்கு ஒரு சின்ன ஆறுதல். வெள்ளையைப் பார்த்து ஏமாந்தவன் நான் மட்டுமில்லை.

"பொறுக்காம விட்டா?"

"வாங்க வர்றவரு ஒரு நூலைப் பாத்தாப் போதும். தூசி உப்புன்னு மூட்டைக்கு இவ்ளோன்னு கொறைச்சிடுவாரு. நாங்க பொறுக்கறதுக்குத் தனிக் கூலி யாரு சார் தர்றா?"

மரக்காணத்தில் உப்பளம் மட்டும் மூவாயிரம் ஏக்கருக்கு மேல். தூத்துக்குடி, வேதாரண்யம் வரிசையில் சொல்லப்படுகிற ஊர். கழிமுகத்து உவர்நீரை வாய்க்கால் வழியாக விடுகிறார்கள், இல்லாவிட்டால் நிலத்தடியிலிருந்து இறைக்கிறார்கள். கடல் தண்ணீர் மூன்று டிகிரியில் ஆரம்பிக்கும். பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் சுண்டச் சுண்ட டிகிரி ஏறி, இருபத்தைந்தைத் தொடும்போது உப்பு பூக்கும். கொஞ்சம் பொறுமையாக இந்தக் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ உப்பு கிடைக்கச் சுமார் நாற்பது லிட்டர் கடல் தண்ணீர் ஆவியாக வேண்டும். தண்ணீர் போய்விடும். பிளாஸ்டிக் போகாது. கொஞ்சம் முன் பாத்திகளில் சேற்றோடு தங்கும், மீதி பேலன்ஸ் கேரீட் ஃபார்வர்ட். உப்பளம் என்பது, தண்ணீரில் வந்த அழுக்கையெல்லாம் சுண்டவைத்துக் கணக்குக் காட்டுகிற பிளாஸ்டிக் லெட்ஜர்!

இதை நான் உளறவில்லை. மரக்காணம், பரங்கிப்பேட்டை உப்பளங்களையும் கடையில் விற்கிற உப்பையும் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து, 2021-ல் கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டிலும் மைக்ரோபிளாஸ்டிக், அதாவது ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழான துணுக்குகள் இருந்தன. டெல்லியில் டாக்ஸிக்ஸ் லிங்க் என்ற அமைப்பு 2024-ல் நாட்டில் விற்கும் பத்து வகை உப்பை வாங்கிப் பார்த்தது. பத்திலும் இருந்தது. கிலோவுக்குக் குறைந்தது 6.71, அதிகபட்சம் 89.15 துணுக்கு. ஆகவே மரக்காணம் உப்பை மட்டும் முறைத்துப் பார்த்துப் பிரயோஜனமில்லை. நாளைக்கு ஐந்து கிராம் உப்பு என்று (நிஜத்தில் நாம் அதைவிட அதிகம் சாப்பிடுகிறோம், ஊறுகாய் சாட்சி) வருஷத்துக்குக் கணக்குப் போட்டால், மோசமான உப்பில் ஒரு ஆளுக்குச் சுமார் 160 துணுக்கு. மும்பை ஐ.ஐ.டி.க்காரர்கள் 2018-லேயே, உப்பளத்துக்குள் விடும் தண்ணீரைச் சாதாரண மணல் வடிகட்டியில் விட்டாலே பெரும் பகுதியைப் பிடித்துவிடலாம் என்று செய்து பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அக்காவிடம் சொன்னேன். "யாரு வெச்சுத் தர்றாங்களாம்?" என்று கேட்டார். நான் குடத்துத் தண்ணீரை இன்னொரு வாய் குடித்தேன்.

"இதெல்லாம் எங்கேர்ந்துக்கா வருது?"

"எல்லாம் மெட்ராஸ்லேர்ந்துதான். வேற எங்க?"

இதை நான் ஒரேயடியாக ஒப்புக்கொள்ளத் தயாராயில்லை. கால்வாய் பல இடங்களில் தூர்ந்து கிடக்கிறது. சென்னையில் போட்ட பாட்டில் அதிலேயே நீந்தி மரக்காணம் வர, அது ஒலிம்பிக் வீரனாக இருக்கவேண்டும். ஆனால் அக்கா சொல்வது முழுப் பொய்யுமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூவமும் அடையாறும் கடலுக்குள் கொட்டுகிற நேரத்தில், நம் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காக ஓடுகிறது. மாசி வாக்கில்தான் திசை மாறும். அதே மழையில் திண்டிவனம், வானூர் பக்கத்து ஓடைகளும் வழியிலிருப்பதை வாரிக்கொண்டு கழுவெளிக்கு வருகின்றன. 2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டரை ஒட்டி மழை. எந்தக் குப்பை எந்த ஊருடையது என்று யார் பிரிப்பது? ஃப்ரம் அட்ரஸ் கிழிந்த கவர் அது. டு அட்ரஸ் மட்டும் இந்த அக்காவின் பாத்தி.

சரி, அந்த மாதிரி நாளில் சாட்டிலைட் பார்த்துச் சொல்லலாமே என்றால், பிளாஸ்டிக் கிளம்புகிற அன்றைக்குத்தான் வானம் முழுக்க மேகம். சென்டினல்-2 எடுத்த படத்தில் வெள்ளைப் பஞ்சுதான் இருக்கும். மேகத்துக்குள் புகுந்து பார்க்கிற ரேடார் சாட்டிலைட் இருக்கிறது. நம் இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நைசார், 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. வெள்ளம் எதுவரை ஏறியது என்று சொல்லும். அதில் மிதப்பது பாட்டிலா பலகையா என்று சொல்லாது.

மழை விட்ட பிறகும் நம் ஆறுகளில் மேலே தெரிவது ஆகாயத்தாமரை. வியட்நாமில் சைகோன் ஆற்றில் அதையும் பார்த்திருக்கிறார்கள். மிதந்து போகும் பிளாஸ்டிக்கில் பெரும் பகுதி ஆகாயத்தாமரைக்குள் சிக்கித்தான் பயணம் செய்கிறதாம். பிளாஸ்டிக்கைப் பார்க்க முடியாவிட்டால் போகிறது, அது ஏறிப் போகிற வண்டியைப் பார் என்கிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நண்பன் காட்டிய இன்னொரு விஷயம்தான் எனக்குப் பிடித்தது. ஆற்றில் ஓடுகிற பாட்டிலை ஏன் துரத்த வேண்டும்? அது ஓடுவதற்கு முன்னால் மாதக்கணக்கில் கரையில் குவிந்து கிடக்கிறதே, அப்போது பிடி! அதே இலவச சென்டினல் படங்களை வைத்து, தரையிலிருக்கும் குப்பை மேடுகளைக் கம்ப்யூட்டரை விட்டுத் தேடச் சொன்னார்கள். 2023-ல் வெளியானது. இந்தோனேஷியாவில் மட்டும் 374 மேடுகள் அகப்பட்டன. சர்க்கார் பட்டியல் போன்ற பொது ஆவணங்களில் இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல்! தென்கிழக்கு ஆசியா முழுக்க 996. அதில் நூற்றுக்குப் பத்தொன்பது, ஏதாவது ஒரு நீர்நிலைக்கு 200 மீட்டருக்குள். சில மேடுகள் ஆற்றங்கரை மேலேயே.

குப்பை மேடு ஃபிளாட்டைவிடப் பெரிது. அசையாது. மேகமில்லாத சித்திரை, வைகாசியில் ஐந்து நாளைக்கு ஒரு தடவை படத்துக்கு போஸ் கொடுக்கும். எந்த மாதம் தோன்றியது, எவ்வளவு வளர்ந்தது என்று தேதி போட்டுச் சொல்லிவிடலாம். கிழிந்த கவருக்கு ஃப்ரம் அட்ரஸ் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பதினாலு வகை பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. கடைக்காரரிடம் கேரி பேக் பிடிக்கிறோம். ஓடைக்கரை மேட்டை ஆவணியில் எடுத்துவிட்டால் கார்த்திகையில் அது உப்புக்கு வராது. அதற்கு ராக்கெட் விடக்கூட வேண்டாம், ஏற்கெனவே மேலே சுற்றுகிறது. ஒரு ஆள் உட்கார்ந்து பார்த்து, ஒரு லாரி அனுப்ப வேண்டும். சிக்கல் அந்த லாரியில்தான் இருக்கிறது என்பதை, பத்து வருஷம் கவர்ன்மென்ட் ஆபீஸ் படி ஏறியிறங்கிய அனுபவத்தில் சொல்கிறேன்.

மரக்காணத்துக்கு வருவோம். கிளம்பும்போது வரப்பு ஓரத்தில் ஒரு யூரியா சாக்கைப் பார்த்தேன். வாய் வரை திணித்துக் கட்டியிருந்தது.

"இது என்னக்கா?"

"பொறுக்கனதுதான். இந்த வருசத்துது."

"என்ன பண்ணுவீங்க?"

"என்னா பண்றது? நூலு, துண்டு துக்கடான்னு எடைக்குப் போட்டாலும் எடுக்க மாட்டேங்கறான். கொளுத்தினா புகை, உப்புல கரி விழும். இங்கியே கிடக்கும். மழைல வாய்க்கால் அடிச்சினு போயிடும்."

"எங்கே போகும்?"

அக்கா வாய்க்காலைப் பார்த்தார். அது கழிமுகத்துக்குப் போகிறது. கழிமுகத்துத் தண்ணீர்தான் தை மாதம் திரும்பப் பாத்திக்கு வரும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எந்த வேகத்தில் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. "நான் எடுத்துட்டுப் போறேன்க்கா." அக்கா மறுபடி சிரித்தார். ஆனால் மூட்டையைத் தூக்கி என் தோளில் வைத்தவரும் அவர்தான். கூடவே ஒரு கைப்பிடி உப்பைப் பேப்பரில் மடித்துக் கொடுத்தார். "பாத்துப் பொறுக்கினது. தைரியமா சாப்பிடுங்க."

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னை பஸ் நின்றது. கண்டக்டர் என் சேற்றுக் காலையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூட்டைக்கு லக்கேஜ் போடணும் சார். உள்ள என்ன, உப்பா?"

"இல்லை. பிளாஸ்டிக்."

"எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"சென்னைக்கு."

டிக்கெட்டைக் கிழிக்கப் போனவர் அப்படியே நின்று என்னைப் பார்த்தார்.

"ஏன் சார், அங்கே இல்லையா?"